தட்டைப் பிரித்தால் கிருமி போய்விடாது

காசிமேட்டில் மீன் கூடை தூக்குகிற ஒருவர், சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்து மாத்திரை ஆரம்பித்த மறுவாரம் தனியாக வந்து உட்கார்ந்தார். முதல் தடவை அம்மா, மனைவி, மச்சான் என்று ஒரு ஆட்டோ நிறைய ஆள் வந்திருந்தது. யாரும் வரவில்லையா என்று கேட்டேன். "தட்டு, டம்ளர் எல்லாம் தனியா வச்சிட்டாங்க டாக்டரம்மா, படுக்கை மொட்டை மாடில."

மாடியில் படுப்பது நல்லதுதான், காற்று இருக்கிறது. தட்டுதான் என்னை உறுத்தியது.

காசநோய் தட்டிலோ டம்ளரிலோ பரவுவதில்லை. இருமும்போதும் பேசும்போதும் காற்றில் கலக்கும் கிருமியை இன்னொருவர் சுவாசித்தால்தான் வரும். எங்கள் வடசென்னை வீடுகளில் சமையல், டிவி, தூக்கம் எல்லாம் ஒரே அறையில், இருக்கிற ஒற்றை ஜன்னலையும் கொசுவுக்குப் பயந்து சாத்திவிடுகிறோம், ஆனால் தட்டை மட்டும் கவனமாக மூலையில் பிரித்து வைக்கிறோம். ஜன்னலைத் திறங்கள். அவர் வாயை மூடி இருமட்டும். மருந்துக்குக் கட்டுப்படுகிற கிருமியாக இருந்து, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் பெரும்பாலும் இரண்டு வாரத்திலேயே பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும்.

நோயாளியை வீட்டில் குடும்பத்தோடு வைத்தே குணப்படுத்தலாம் என்று கண்டறிந்ததில் நம்ம ஊருக்கும் பங்கு உண்டு. 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம், ஒரு பகுதி நோயாளிகளை சானடோரியத்திலும் (காசநோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவமனை) மறு பகுதியினரை நெரிசலான வீடுகளிலேயே குடும்பத்தோடும் வைத்து சிகிச்சை கொடுத்தது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள், கூட இருந்தவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் வரவில்லை. 1959இல் அது வெளியான பிறகு, சானடோரியத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்ற எண்ணம் உலகம் முழுக்க மாறியது.

சரி, கூட இருந்து என்ன செய்வது? சிகிச்சை வழக்கமாக 6 மாதம். முதல் 2 மாதம் நான்கு மருந்து, அப்புறம் 4 மாதம் மூன்று. இரண்டாம் மாதம் இருமல் நின்று உடம்பு தேறியதும் "எனக்குத்தான் சரியாயிடுச்சே" என்று நிறுத்துவார்கள் பாருங்கள், அங்கேதான் ஆள் வேண்டும். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனால் அது மருந்தின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை; விடாமல் வாந்தி வந்தாலோ கண் மஞ்சளானாலோ உடனே கூட்டி வர வேண்டும். கூட இருப்பவர்களும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், குழந்தைகளை முதலில். நோய் இல்லாதவர்களுக்குத் தடுப்பு மாத்திரை உண்டு, அரசு மருத்துவமனையில் எல்லாமே இலவசம்.

மூன்றாம் மாதம் அவருடைய அம்மாவும் வந்தார். விடியற்காலை வேலைக்குக் கிளம்பும் முன் தானே மாத்திரையைக் கையில் கொடுத்து, முழுங்கும் வரை நிற்கிறாராம், காலி அட்டைகளை ஒரு பையில் சேர்த்துக் கொண்டுவந்து காட்டினார். ஒரு நாளும் விட்டுப் போகவில்லை. "சோறு ஒண்ணாத்தான் துன்றோம், டம்ளர் மட்டும்..." என்று இழுத்தார்.

டம்ளர் கதையை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.