முன் குறுக்குப் பிணைநார்: சொல் விளக்கம்

மூட்டு மருத்துவர்களும் விளையாட்டு வீரர்களும் ‘ஏ.சி.எல்.’ என்று சுருக்கிச் சொல்லும் முழங்கால் உறுப்பின் முழுப்பெயர் ‘ஆன்டீரியர் குரூஷியேட் லிகமென்ட்’. இதைத் தமிழில் ‘முன் குறுக்குப் பிணைநார்’ என்று வழங்குவதே பொருத்தம் என்பது என் கருத்து. பெங்களூரில் அல்சூர், கௌதமபுரம், ஆஸ்டின் டவுன் போன்ற தமிழர் மிகுந்த பகுதிகளில், கால்பந்து ஆடும்போதோ இருசக்கர வண்டியிலிருந்து விழுந்தோ இந்த நார் அறுபட்டவர்களின் வீடுகளில் ‘ஜவ்வு கிழிந்துவிட்டது’ என்கிறார்கள். தமிழ் நாளிதழ்கள் ‘தசைநார் கிழிவு’ என்று எழுதுகின்றன. கையில் இருக்கும் ஸ்கேன் அறிக்கையோ ஆங்கிலத்தில் இருக்கிறது. இம்மூன்றும் ஒன்றையேதான் சொல்கின்றனவா என்பது விளங்காமலே அறுவைக்கான ஒப்புதல் தாளில் கையெழுத்து விழுகிறது, அப்படி விழக்கூடாது.

‘லிகமென்ட்’ என்பது, கட்டுதல் அல்லது பிணைத்தல் என்று பொருள்படும் ‘லிகாரே’ என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. எலும்பை எலும்போடு பிணைப்பது அது. தசையை எலும்போடு சேர்ப்பது வேறு உறுப்பு. அதை ஆங்கிலத்தில் ‘டெண்டன்’ என்றும், தமிழில் ‘தசைநாண்’ என்றும் சொல்கிறோம். இந்த வேறுபாட்டை வைத்துப் பார்த்தால், லிகமென்டைத் ‘தசைநார்’ என்பது தசைக்குத் தொடர்பில்லாத ஒன்றின் தலையில் தசையை ஏற்றுவதாகும். கன்னடத்தில் இதற்கு ‘அஸ்திரஜ்ஜு’ என்று பெயர். எலும்புக்கயிறு என்பது அதன் நேர்ப்பொருள். அச்சொல்லை ஆக்கியவர்கள் எதை எது கட்டுகிறது என்று பார்த்தே ஆக்கியிருக்கிறார்கள். தமிழில் ‘பிணைநார்’, ‘இணைநார்’ இரண்டும் அந்த வேலையைச் செய்யும். பிணைத்தல் என்ற வினை மூலச்சொல்லின் பொருளை அப்படியே தருவதால் நான் முன்னதைக் கொள்கிறேன்.

‘குரூஷியேட்’ என்பதன் வேர் ‘க்ருக்ஸ்’, அதாவது சிலுவை. முழங்காலுக்குள் இத்தகைய பிணைநார்கள் இரண்டு உண்டு. அவை ஒன்றையொன்று சாய்வாக வெட்டிச் செல்வதால் பெருக்கல் குறியின் வடிவம் உண்டாகிறது. ‘சிலுவைப் பிணைநார்’ என்ற வழக்கும் இருக்கிறது, அது தவறில்லை. ஆனால் சிலுவை என்றதும் நிமிர்ந்து நிற்கும் வடிவமே மனத்தில் வருவதால் ‘குறுக்கு’ என்பது தெளிவு. ‘முன்’ என்ற அடைமொழியில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். இந்த நார் முழங்காலின் முன்பக்கத்தில், சிப்பிக்கு அருகில் இருப்பதன்று. மூட்டின் ஆழத்தில், நடுவில் இருப்பது. தொடையெலும்பின் வெளிமுண்டின் (கீழ்முனையில் வெளிப்பக்கம் உள்ள புடைப்பின்) உட்புறத்தில் தொடங்கிக் கீழிறங்கி, முழங்காலுக்குக் கீழுள்ள கணைக்கால் எலும்பின் மேல்தளத்தில் முன்புறமாகப் பற்றிக்கொள்வதாலேயே இதற்கு ‘முன்’. அதே தளத்தின் பின்புறத்தைப் பற்றுவது ‘பின் குறுக்குப் பிணைநார்’. கீழெலும்பு முன்னே நழுவாமலும், உடல் திரும்பும்போது மூட்டு பிறழாமலும் தடுப்பது முன்னதன் வேலை.

‘ஜவ்வு’ என்ற பேச்சுவழக்குக்கு வருவோம். ‘சவ்வு’ என்பது மெல்லிய படலம். முழங்காலுக்குள் இரண்டு எலும்புகளுக்கும் இடையில் மெத்தைபோல் இருக்கும் பிறை வடிவக் குருத்தையும் மக்கள் ஜவ்வு என்றே சொல்கிறார்கள். ‘மெனிஸ்கஸ்’ எனப்படும் அதன் பெயரும் கிரேக்கத்தில் சிறு பிறை என்றே பொருள்படும். ‘பிறைக்குருத்து’ என்றால் சரியாக இருக்கும். பிணைநார் அறும்போது பிறைக்குருத்தும் சேர்ந்து கிழிவது உண்டு. குருத்தைத் தைக்கலாம், அல்லது கிழிந்த விளிம்பைச் சீராக்கலாம். பிணைநாருக்கான சிகிச்சை முற்றிலும் வேறு. ஆகவே ‘ஜவ்வுக்கு ஆபரேஷன்’ என்ற சொற்றொடர் எந்த அறுவை என்பதைச் சொல்வதில்லை. தமிழ் வினைகளே இங்கே வழிகாட்டுகின்றன: துணியும் தாளும் சவ்வும் கிழியும், நாரும் கயிறும் அறும். பிறைக்குருத்து கிழிந்தது, பிணைநார் அறுந்தது என்று எழுதினால் குழப்பத்தில் பாதி தீரும்.

அறுந்ததை எப்படிக் கண்டறிகிறார்கள்? பாதம் தரையில் ஊன்றியிருக்க உடல் திரும்பிவிடுகிறது, உள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்கிறது, சில மணி நேரத்தில் மூட்டுக்குள் இரத்தம் கசிந்து வீங்குகிறது, பிறகு நடக்கும்போது முழங்கால் மடங்கி விழப்பார்க்கிறது என்று நோயாளி சொல்வதிலேயே பெரும்பகுதி விளங்கிவிடும். அடுத்தது கைச்சோதனை. அவற்றுள் முதன்மையானது, அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் லாக்மனின் பெயரால் ஜோசஃப் டோர்க்கும் உடன் ஆய்வாளர்களும் 1976-இல் விவரித்த லாக்மன் சோதனை. முழங்காலை 20 முதல் 30 பாகை வரை மடக்கி, ஒரு கையால் தொடையை அசையாமல் பிடித்து, மறு கையால் கீழ்க்காலை முன்னோக்கி இழுப்பார்கள். நார் முழுமையாக இருந்தால் சட்டென்று ஒரு தடை கைக்குத் தெரியும். அறுந்திருந்தால் எலும்பு தடையின்றி முன்னே வரும். மறுகாலையும் இழுத்து ஒப்பிடுவது இன்றியமையாதது, ஏனெனில் சிலருக்கு இயல்பிலேயே மூட்டு தளர்வாக இருக்கும். அடிபட்ட முதல் சில நாட்களில் வலியால் தசைகள் இறுகிவிடுவதால் இச்சோதனை தவறான விடை தரக்கூடும். வீக்கம் வடிந்த பின் மீண்டும் பார்ப்பது நல்லது. எக்ஸ்ரேயில் பிணைநார் தெரியாது. எலும்பு உடைந்திருக்கிறதா என்று பார்க்கவே அது. எம்.ஆர்.ஐ. படத்தில் கருநிறப் பட்டையாகத் தெரியவேண்டிய நார், அறுந்த இடத்தில் கலைந்து வெளுத்துக் காணப்படும்.

சிகிச்சையில் வழங்கும் சொல் ‘ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்’, அதாவது மறுவாக்கம். அறுந்த முனைகளைத் தைப்பது ‘ரிப்பேர்’. பெரும்பாலும் செய்யப்படுவது அதுவன்று. தொடையின் பின்புறத்திலிருந்தோ முழங்கால் சிப்பியின் கீழிருந்தோ நோயாளியின் தசைநாணையே எடுத்து, இரு எலும்புகளிலும் துளையிட்டு, அதன் வழியே செலுத்திப் பொருத்துகிறார்கள். மாதங்கள் செல்லச் செல்ல அந்தத் தசைநாண் பிணைநாராக மாறுகிறது. இரண்டையும் ‘தசைநார்’ என்றே எழுதுபவர், ‘தசைநார் அறுந்ததால் தசைநாரை எடுத்துத் தசைநாராக வைத்தார்கள்’ என்றுதான் எழுத நேரும். படிக்கும் தாய்க்கு அதிலிருந்து என்ன விளங்கும்? மகனின் நல்ல தசையை வெட்டி எடுக்கிறார்கள் என்ற அச்சம்தான் மிஞ்சும்.

அறுந்த எல்லோருக்கும் அறுவை வேண்டியதில்லை. சுவீடனில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வொன்றில், உடலியக்கம் மிக்க இளம் வயதினர் 121 பேரில் ஒரு பிரிவினருக்குத் தொடக்கத்திலேயே அறுவை செய்தார்கள். மற்றவர்களுக்கு முதலில் உடற்பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பின்னர் அறுவை. இரண்டு ஆண்டு முடிவில் இரு பிரிவினரின் முழங்கால் நிலையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரண்டாம் பிரிவில் பாதிக்கும் மேற்பட்டோர் அதுவரை அறுவையின்றியே இருந்தனர். நேராக நடப்பதும் மாடியேறுவதும் மட்டுமே வேண்டுவோர் பயிற்சியாலேயே தேறலாம். திரும்பித் திரும்பி ஓடும் கால்பந்து, கபடி ஆட்டக்காரர்களுக்கும், அன்றாட நடையிலேயே முழங்கால் மடங்குபவர்களுக்கும் மறுவாக்கம் பரிந்துரைக்கப்படுகிறது.

‘ரீஹேப்’ என்று சுருங்கிவிட்ட மறுவாழ்வுப் பயிற்சி இரு வழியினருக்கும் பொது. அறுவை செய்துகொண்டவர் 9 மாதங்களுக்கு முன் ஆட்டத்துக்குத் திரும்பினால் மீண்டும் அறுபடும் ஆபத்து கூடுதல். நாட்களை எண்ணுவதோடு, தொடைத் தசையின் வலிமையும் ஒற்றைக்காலில் தாவும் தொலைவும் மறுகாலின் அளவில் குறைந்தது 90 விழுக்காட்டை எட்டியிருக்கின்றனவா என்று அளந்து பார்த்த பிறகே பயிற்சியாளர் மைதானத்துக்கு அனுமதிக்க வேண்டும்.