தென்னையில் பச்சை படிந்தால் அரிவாளை எடுக்காதீர்கள்

ஐப்பசி அடைமழை ஓய்ந்து வெயில் தலைகாட்டியதும் என் வாட்ஸ்அப்புக்கு வருகிற படங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஒரு தென்னை, அதன் தூரிலிருந்து ஆள் உயரத்துக்குப் பச்சை, கூடவே "சார், மரத்தைப் பாசி தின்னுது, என்ன அடிக்கலாம்?" என்று ஒரு குரல் செய்தி. பயிர்ப் பாதுகாப்பு ஆலோசனைதான் என் பிழைப்பு, அதனால் இத்தனை வருஷமாகப் பொறுமையாகத்தான் பதில் சொல்லி வந்தேன். போன வாரம் பேராவூரணிப் பக்கம் ஒரு தோப்புக்குப் போய் வந்ததோடு அந்தப் பொறுமை தீர்ந்துவிட்டது.

2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்தது போக மிஞ்சிய தோப்பு அது. பெரியவர் கூலிக்கு ஆள் விட்டு, ஒவ்வொரு மரத்தையும் அரிவாளால் வழித்து, மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலைப் பூசி வைத்திருக்கிறார். "சுரண்டி எடுத்தும் மரம் தேறலையே தம்பி" என்கிறார். எப்படித் தேறும்? மூன்று மரங்களின் தூரில் செம்பழுப்பாகச் சாறு வடிந்து காய்ந்திருக்கிறது, அடி மட்டைகள் தொங்குகின்றன. அது கானோடெர்மா என்ற பூஞ்சையால் வேரிலிருந்து ஏறி வருகிற வாடல், நம் ஜில்லாப் பெயரையே தாங்கித் 'தஞ்சாவூர் வாடல்' என்று ஊரெல்லாம் தெரிந்த நோய். பச்சைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. நல்ல மரங்களிலோ புதுக்காயம். காயத்து வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும் என்பதைத் தென்னை வைத்திருப்பவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, அந்தப் பச்சை என்ன? லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மாஸ் (moss), பூக்காத குட்டிச் செடி. பள்ளிக்கூடத்தில் ஃபியூனேரியா என்று படம் வரைந்து மதிப்பெண் வாங்கியிருப்பீர்களே, அந்த வகையறா. அது மரத்தின் சத்தை உறிஞ்சுவதில்லை. உறிஞ்ச அதற்கு வேரே கிடையாது. அடியில் இருக்கும் மயிரிழைகள் பிடித்துக்கொள்வதற்கு மட்டும்தான். இலை பெரும்பாலும் ஒரே ஒரு செல் கனம், மழைத்தண்ணீரையும் பனியையும் இலையாலேயே குடித்துக்கொள்ளும், வெயிலை வைத்துத் தன் சோற்றைத் தானே சமைத்துக்கொள்ளும். நம்பிக்கை வரவில்லையா? இதே பச்சை உங்கள் வாய்க்கால் மதகிலும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரிலும் இருக்கிறதே, சிமெண்டிலிருந்து எந்தச் சத்தை உறிஞ்சுகிறது? மாமரத்தில் புல்லுருவி வந்தால் பயப்படுங்கள், அது கிளைக்குள் உறிஞ்சுவேரை இறக்கித் திருடுகிறது. மாஸ் திண்ணையில் வந்து உட்கார்ந்தவன், அடுக்களைக்குள் நுழைவதில்லை. தண்ணீர் தேங்கி நிழல் கட்டிய தோப்பில் மாஸும் வரும், வாடலும் பரவும். இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, கண்ணில் படுவதன் மேல் பழி போடுகிறோம். இதையெல்லாம் விட முக்கியம், வேம்பு மாதிரி தென்னைத் தண்டு காயத்தை மூடிக்கொள்ளாது. இன்று வழித்த தழும்பு மரம் சாகும்வரை அப்படியே இருக்கும்.

குழப்பத்தில் பாதி நம் சொல்லில் இருக்கிறது. பச்சையாக, ஈரமாக, பூக்காமல் எது இருந்தாலும் நமக்குப் 'பாசி'. பிரியாணியில் போடுகிற கல்பாசி, நிஜப் பாசியும் (ஆல்கா) பூஞ்சையும் சேர்ந்து குடித்தனம் நடத்துகிற லைக்கன். தென்னையில் வெள்ளைத் தேமலாக ஒட்டியிருப்பதும் அதே சாதிதான், அதுவும் கெடுதல் இல்லை. நாகூர்ப் பக்கம் நோன்புக்குக் காய்ச்சுகிற கடல்பாசி, கடலில் வளரும் சிவப்புப் பாசியிலிருந்து எடுப்பது. குளத்து வேலம்பாசி பூத்துக் காய்க்கிற செடி. அசோலா பெரணி. ஆங்கிலக்காரனும் இதில் யோக்கியம் இல்லை, 'ஐரிஷ் மாஸ்' கடற்பாசி, 'ஸ்பானிஷ் மாஸ்' அன்னாசிக் குடும்பம். நர்சரியில் மணி பிளாண்டுக்கு விற்கிற 'மாஸ் ஸ்டிக்' பெரும்பாலும் நம்மூர்த் தேங்காய் நார்!

உண்மையான மாஸ்களே உலகத்தில் சுமார் 12,000 இனங்கள். அவற்றை ஒழுங்காக வகைப்படுத்தியவர் ஹெட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர், அவர் இறந்த பிறகு 1801ல் வெளிவந்த அவருடைய நூல்தான் இன்றைக்கும் மாஸ் பெயர்களுக்குத் தொடக்கப்புள்ளி. எதை வைத்துப் பிரிக்கிறார்கள் தெரியுமா, பல்லை வைத்து. மெல்லிய காம்பின் நுனியில் குட்டிச் சொம்பு மாதிரி வித்துப்பை, அதன் வாயைச் சுற்றிப் பற்கள். ஃபியூனேரியாவுக்கு வெளியே 16, உள்ளே 16. ஈரம் ஏறி இறங்க அவை வளைந்து நிமிர்ந்து வித்துகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். ஸ்பேக்னம் என்ற மாஸுக்குப் பல்லே இல்லை, மூடி தெறித்து வெடித்துவிடும். (முதுகலையில் இந்தப் பல்லை எண்ணியே எனக்குக் கண்ணாடி வந்தது.) மாஸுக்கு ஒட்டுறவில் இரண்டு பேர், ரிக்சியா மாதிரி தட்டையாகப் படரும் ஈரல்செடிகளும், கொம்பு நிமிர்த்தி நிற்கும் ஆந்தோசெராஸ் கூட்டமும். மலைப்பகுதியில் இருக்கிற அளவுக்கு நம் சமவெளியில் மாஸ் வகை இல்லைதான், ஆனாலும் செங்கல் சுவரில் ஹையோஃபிலா, தென்னையில் வெளிறிய ஆக்டோபிளெஃபாரம் என்று இருக்கத்தான் செய்கிறது. பங்குனியில் செத்துக் கறுத்ததுபோல் சுருண்டு கிடக்கிற ஹையோஃபிலா மேல் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிவிட்டு அங்கேயே நில்லுங்கள். இலை விரிவது கண்ணுக்குத் தெரியும்.

வயலுக்கும் ஒரு வார்த்தை. நாற்றங்காலில் தாள் மாதிரி பாசிப்படலம் கட்டி நாற்றைத் தூக்கினால் தண்ணீரை வடித்துக் காயப்போடுங்கள். பச்சையைக் கண்டாலே மயில்துத்தம் கட்டித் தொங்கவிடாதீர்கள், நெல்வயலுக்கு நீலப்பச்சைப் பாசி தழைச்சத்து சேர்க்கிறது என்று பி.கே. டே என்ற விஞ்ஞானி 1939லேயே எழுதிவிட்டார். படித்துறையில் வழுக்குகிறதா, அது வழவழப்பான பாசி, அதைத் தென்னந்துடைப்பம் போட்டுத் தேய்த்தே ஆக வேண்டும், தாத்தா பாட்டி இறங்குகிற இடம். பழைய வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் ஆசிட் வேண்டவே வேண்டாம், மாஸ் போவதற்கு முன் சுண்ணாம்பு கரைந்து போகும். எங்கே குழாய் ஒழுகுகிறது, எங்கே தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துச் சரிசெய்தால் அதுவே காய்ந்துவிடும்.

தென்னைக்கு வருகிறேன். தூரில் சாறு வடிந்தால் அந்த மரத்தைச் சுற்றிக் குழி வெட்டித் தனிமைப்படுத்துங்கள், அந்தப் பாத்தித் தண்ணீர் பக்கத்து மரத்துக்குப் போக விடாதீர்கள், வேப்பம் பிண்ணாக்கு போடுங்கள், உடனே ஆளைக் கூப்பிடுங்கள். வெறும் பச்சை மட்டும் என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம், கூலியாவது மிச்சம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். படம் அனுப்பும்போது முழு மரத்தையும் எட்ட நின்று எடுக்காதீர்கள். தூரை ஒரு படம், குருத்தை ஒரு படம், பச்சையைக் கிட்டே போய் ஒரு படம். பக்கத்தில் ஒரு தீக்குச்சியை வைத்து எடுத்தால் அளவும் தெரியும், லென்ஸைத் தூக்கிக்கொண்டு நான் பேராவூரணி வரை பஸ் ஏறவும் வேண்டாம்.