கீமோவுக்கு முன் எடுக்கும் சதைத் துணுக்கு

"ஊசி குத்துனா கட்டி ஒடைஞ்சு பரவிராதா டாக்டர்? அம்மைக்கு நேரா ஆபரேஷனே பண்ணிரலாம்லா?" அம்பாசமுத்திரம், நாங்குநேரி பக்கமிருந்து தாயை அழைத்து வரும் பிள்ளைகள் மார்பகக் கட்டி என்றதும் கேட்கும் கேள்வி இது. ஊசிச் சதைப் பரிசோதனையால் நோய் முற்றிப்போகும் என்பதற்கு ஆதாரமில்லை. அவசரப்பட்டு எங்காவது கட்டியை வெட்டி எடுத்துவிட்டு வருவதுதான் நஷ்டம். ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்டூ என்ற புரதமும் இல்லாத ட்ரிபிள் நெகட்டிவ், அந்தப் புரதம் கூடுதலாக உள்ள ஹெர்டூ பாசிட்டிவ் வகைகளில் கட்டி 2 செ.மீ. தாண்டியிருந்தாலோ அக்குளில் நெறி கட்டியிருந்தாலோ பெரும்பாலும் கீமோதான் முதலில். மருந்துக்குக் கட்டி மசிகிறதா என்று கண்ணால் பார்க்க முடிவது அப்போது மட்டும்தான்.

மசியுமா என்பதற்கு ஒரு தடயம் ஊசியால் எடுத்த சதைத் துணுக்கிலேயே இருக்கிறது. சாதாரண சாயமேற்றிய ஸ்லைடில் புற்றணுக்கள் பெரிதாக, ஒழுங்கற்று, கூட்டங்கூட்டமாகத் தெரியும். இடையிலுள்ள இளஞ்சிவப்பு நார்த்திசுவில் கடுகைச் சிதறவிட்டது போலச் சின்னச் சின்னக் கருநீலப் புள்ளிகள். அவைதான் லிம்போசைட்டுகள், கட்டிக்குள் நுழைந்துவிட்ட நோயெதிர்ப்பு அணுக்கள். நார்த்திசுப் பரப்பில் எத்தனை சதவீதத்தை இவை பிடித்திருக்கின்றன என்று நோயியல் மருத்துவர் கணிப்பார். கட்டியின் எல்லைக்குள் மட்டும், அழுகிய பகுதியை விட்டுவிட்டு, நெருக்கமான ஒரே இடத்தைப் பார்க்காமல் சராசரியாக. இதற்கென்று தனி மருந்தோ இயந்திரமோ வேண்டாம், தனிச் செலவும் இல்லை. அதனால்தான் அறிக்கையில் இந்த ஒரு வரி விடுபடுவது வருத்தமாயிருக்கிறது.

2018இல் வெளியான, 3,771 பெண்களின் தரவுகளைத் தொகுத்த ஜெர்மன் ஆய்வில், ட்ரிபிள் நெகட்டிவ் வகையில் லிம்போசைட் 60 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தவர்களில் பாதிப்பேருக்குக் கீமோவுக்குப் பின் புற்று முழுதாக மறைந்திருந்தது. 10 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தவர்களில் 31 சதவீதம். குறைவாக இருந்தவர்களிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மறைந்திருக்கிறது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். எண்ணிக்கை குறைவு என்று யாரும் மனம் விட்டுவிடக் கூடாது. கூடுதலாக இருந்தால் கீமோவை நிறுத்திக்கொள்ளலாம் என்றும் அர்த்தமில்லை. ஹார்மோன் சார்ந்த, ஹெர்டூ நெகட்டிவ் வகையில் கணக்கே வேறு: அங்கே லிம்போசைட் கூடுதலாக இருந்தவர்களுக்குக் கீமோ நன்றாக வேலை செய்தும் ஆயுள் கூடவில்லை. ரத்தப் பரிசோதனையில் வரும் லிம்போசைட் அளவுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பில்லை. எந்தக் கஷாயமும் பப்பாளி இலைச் சாறும் கட்டிக்குள் இந்த அணுக்களைக் கொண்டுசேர்த்ததாக நிரூபணமில்லை.

துணுக்கு பாழாவதுதான் பெரிய பிரச்சினை. 14 கேஜ் ஊசியால் குறைந்தது நான்கு துணுக்குகள் எடுக்க வேண்டும். சதை கெடாமல் காக்கும் ஃபார்மலின் கரைசலில் போட்டதும் மிதந்தால் பெரும்பாலும் கொழுப்பு. மூழ்குவதே நமக்கு வேண்டியது. இடுக்கியால் நசுக்கினால் லிம்போசைட்டின் உட்கரு இழுபட்டு வெறும் நீலக் கோடாகிவிடும், பிறகு எண்ணவே முடியாது. ஃபார்மலின் 10 சதவீதக் கரைசல், பஃபர் (அமிலத்தன்மை கூடாமல் காப்பது) சேர்த்தது, சதையைப் போலப் பத்து மடங்கு. சலைனில் போட்டு பஸ்ஸில் கொடுத்தனுப்பினால் நம்ம ஊர் வெயிலுக்கு வந்து சேர்வதற்குள் அணுக்கள் சிதைந்திருக்கும். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் இருக்க வேண்டும். அதில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் ஊற வேண்டும். சனிக்கிழமை மதியம் எடுத்தது புதன்கிழமை போய்ச் சேர்ந்தால் கெடு தாண்டிவிட்டது. பதம் தவறினால் ஹார்மோன் ஏற்பி, ஹெர்டூவைக் கண்டறியும் சாயங்களும் சரியாக ஏறாது. பாசிட்டிவ் கட்டி நெகட்டிவாகத் தெரிந்து மருந்தே மாறிப்போகும்.

முதல் கீமோவுக்கு முன்பே கட்டிக்குள் சின்ன உலோகக் கிளிப் ஒன்றை வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கட்டி முழுதாகக் கரைந்துவிட்டால் எந்த இடத்தை வெட்டுவது என்று அறுவை மருத்துவருக்கு அதுதான் அடையாளம். வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் அறிக்கை மட்டும் போதாது, துணுக்கைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் ஸ்லைடையும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிளாக்கை வெயிலில் நிறுத்திய காருக்குள் வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும். கீமோ தொடங்கியபின் அதே மாதிரி சதை மறுபடி கிடைக்காது.