வெளிநாட்டுத் துணையை அழைத்து வந்து மணக்க: நாள்கணக்கும் தாள்கணக்கும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் தமிழ்நாட்டோடு சம்பந்தம் வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் இன்றும் உண்டு. தாத்தா பாட்டி விட்டுவந்த ஊரில் சொந்தத்துக்குள் பெண் எடுப்பார்கள். பிள்ளைகள் வேலை பார்த்த இடத்தில் பழகி, அப்புறம் வீட்டில் சொல்லிச் சம்மதம் வாங்குவதும் நடக்கிறது. எப்படி அமைந்தாலும் பெரியவர்கள் முதலில் பஞ்சாங்கத்தைப் பார்க்கிறார்கள், மண்டபத்துக்கு முன்பணம் கட்டுகிறார்கள், பத்திரிகை அடிக்கிறார்கள். விசா பேச்சு கடைசியில்தான் வருகிறது. இந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். முதலில் ஜே.பி.என் என்னும் தேசியப் பதிவு இலாகா, அடுத்து இமிகிரேஷன் என்னும் குடிநுழைவு இலாகா, அதன் பிறகு முகூர்த்தம்.

அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டத்தின் கீழ் வருகிறது. அது நடைமுறைக்கு வந்தது 1982 மார்ச் 1-இல். அந்த நாளுக்குப் பிறகு கோயிலில் தாலி கட்டி, ஊரே சாப்பிட்டுப் போனாலும், சட்டப்படி பதியாத கல்யாணம் அரசாங்கத்தின் கண்ணில் கல்யாணம் ஆகாது. பதிவு இல்லாவிட்டால் துணைக்கு நீண்டகாலப் பாஸ், அதாவது இங்கே தங்குவதற்கான அனுமதி, இல்லை. பிள்ளைக்குக் குடியுரிமைச் சிக்கலும் வரும். அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

கல்யாணம் செய்துகொள்ள வருகிறவருக்கு என்று மலேசியாவில் தனி விசா கிடையாது. வருகிறவர் சாதாரண வருகையாளராகத்தான் வருவார். இந்தியக் குடிமக்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் விசா விலக்கு இருக்கிறது. 2026 டிசம்பர் 31 வரை அதை நீட்டித்திருக்கிறார்கள். விசா வேண்டாம் என்றாலும், வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் எம்.டி.ஏ.சி என்னும் வருகை அட்டையை நிரப்பியாக வேண்டும். திரும்பிப் போகும் டிக்கெட், தங்கும் முகவரி, செலவுக்குப் பணம் இருப்பதற்கான அத்தாட்சி ஆகியவை கையில் இருக்கட்டும். கேட்டால் உள்ளதைச் சொல்லச் சொல்லுங்கள். 'சுற்றிப் பார்க்க வந்தேன்' என்று சொல்லிவிட்டுப் பெட்டியில் பட்டுப்புடவையும் கல்யாணப் பத்திரிகையும் வைத்திருந்தால், தேவையில்லாத சந்தேகத்தைத் தானே வரவழைத்துக்கொள்வதாகும்.

வருகையாளர் பாஸில் வந்தவர் இங்கே திருமணம் பதியலாம். பெர்மிட்டில் இருப்பவர், அதாவது தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ பி.எல்.கே.எஸ் என்னும் தற்காலிக வேலைப் பாஸில் இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளி, இங்கே மணம் முடிக்க முடியாது. அந்தப் பாஸின் நிபந்தனையே அப்படி. தோட்டப்புறத்தில் இது அடிக்கடி வரும் கேள்வி. ஒரே லயத்தில், அதாவது தோட்ட வீட்டு வரிசையில், குடியிருந்து பழகி, மனம் ஒத்துப்போன பிறகு, 'ரெஜிஸ்டர் பண்ணிக்கலாம்' என்று ஜே.பி.என் முகப்பில் போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர் பெர்மிட்டை முறைப்படி முடித்துக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும். அங்கே பதிந்துகொண்டு வருவதுதான் பாதுகாப்பான வழி. 'பெர்மிட்டை விட்டுவிட்டுச் சும்மா இருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லும் ஏஜெண்ட்டை நம்பாதீர்கள். பாஸ் முடிந்தும் தங்கினால் குடிநுழைவுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவின் கீழ் 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. மறுபடி நாட்டுக்குள் வர முடியாமல் கறுப்புப் பட்டியலிலும் பெயர் ஏறலாம். கட்டிக்கொள்ளப் போகிறவரை அந்த நிலையில் நிறுத்தாதீர்கள்.

சரி, இங்கேயே பதிவதாக வைத்துக்கொள்வோம். நாள்கணக்கு மிக நெருக்கமாக இருக்கும். சட்டப்படி, திருமண அறிவிப்புக் கொடுப்பவர் அதற்கு முன் அந்தப் பதிவு வட்டாரத்தில் ஏழு நாள் தங்கியிருக்க வேண்டும். ஜே.பி.என்.கே.சி.02 என்ற பாரத்தை நிரப்பிக் கொடுத்த பிறகு, அறிவிப்பை அலுவலகத்தில் 21 நாள் ஒட்டிவைப்பார்கள். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சொல்வதற்கான காலம் அது. ஏழும் இருபத்தொன்றும் 28. கையில் இருப்பது 30 நாள். வந்து இறங்கும் நாள், சனி ஞாயிறு, பொது விடுமுறை என்று இடையில் இரண்டு நாள் தவறினாலே பதிவுக்கு முன் பாஸ் முடிந்துவிடும். பாஸை நீட்டித் தருவார்கள் என்ற நம்பிக்கையில் தேதி குறிக்காதீர்கள்.

இந்த நெருக்கடிக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. கொடுத்த அறிவிப்பு ஆறு மாதம் வரை செல்லும். அதனால் முதல் வருகையில் இருவரும் போய் அறிவிப்புக் கொடுத்துவிட்டு, அவர் ஊர் திரும்பி, அந்தக் காலத்துக்குள் மறுபடி வந்து பதியலாம். இரண்டாவது, சிறப்பு உரிமம். போதிய காரணம் காட்டினால் 21 நாள் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யச் சட்டத்தில் இடம் உண்டு. காரணம் ஏற்கப்படுமா என்பது அதிகாரிகள் கையில் இருப்பதால், உரிமம் கிடைத்த பிறகே மண்டபம் பிடியுங்கள். எந்த வழியானாலும், துணை விமானம் ஏறுவதற்கு முன்பே நீங்கள் மட்டும் ஒருமுறை ஈப்போவுக்குப் போய் ஜே.பி.என்-இல் கேட்டுவிடுவது நல்லது. வெளிநாட்டவர் சம்பந்தப்பட்ட மனுவை எந்த அலுவலகம் ஏற்கும், எந்தத் தாளுக்கு எந்த முத்திரை வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது தாள்கள். உங்கள் ஐசி (மலேசிய அடையாள அட்டை), அவருடைய பாஸ்போர்ட், இரண்டு சாட்சிகள். 21 வயதுக்குக் கீழ் என்றால் தகப்பனாரின் எழுத்துபூர்வமான சம்மதம். முன்பு மணமாகி விலகியவர் என்றால் நீதிமன்றத்தின் இறுதி ஆணை; துணையை இழந்தவர் என்றால் இறப்புச் சான்றிதழ். எல்லாவற்றையும்விட இழுத்தடிப்பது, வெளிநாட்டவர் மணமாகாதவர் என்பதற்கான உறுதிக் கடிதம். தமிழ்நாட்டில் மணமாகாதவர் சான்றிதழை வருவாய்த் துறை தருகிறது. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அதோடு நிற்காமல், அவர் நாட்டுத் தூதரகத்தின் உறுதிக் கடிதமும் கேட்கப்படும். இதற்குச் சில வாரங்கள் ஒதுக்குங்கள்.

பெயர்ப் பொருத்தம் என்று ஒன்று இருக்கிறது. ஜாதகப் பொருத்தத்தைவிட இது அதிகம் தொல்லை கொடுக்கும். நம் ஐசியில் பெயர், 'அனாக் லெலாக்கி' (மகன்) அல்லது 'அனாக் பெரம்புவான்' (மகள்), அப்பா பெயர் என்று நீளமாக இருக்கும். தமிழ்நாட்டுக்காரரின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கலாம். பள்ளிச் சான்றிதழில் வெறும் இனிஷியல் இருக்கலாம். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து வேறாக இருக்கலாம். நமக்கு அது ஒரே ஆள். முகப்பில் இருப்பவருக்கு அவை மூன்று ஆள்களின் தாள்கள். எல்லாத் தாள்களையும் மேசையில் வரிசையாகப் பரப்பி, பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் அங்கேயே திருத்தம் அல்லது பிரமாண வாக்குமூலம் வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். இங்கே வந்த பிறகு அந்தத் திருத்தத்துக்காக 30 நாளில் பாதி போய்விடும்.

அக்கா மகளைக் கட்டலாமா என்றும் சில வீடுகளில் கேட்பார்கள். நெருங்கிய இரத்த உறவில் மணம் செய்யச் சட்டம் தடை போடுகிறது. ஆனால் இந்து முறைப்படியோ வழக்கப்படியோ சகோதரியின் மகளை மணப்பதற்கு, அதாவது தாய்மாமன் முறைக்கு, விலக்கு அதே சட்டத்தில் எழுதியே இருக்கிறது.

இந்தியாவில் மணம் முடித்து அழைத்து வருவது இன்னொரு வழி. பெண் வீட்டுச் சொந்தம் எல்லாம் அங்கே இருந்தால் இதுதான் நிம்மதி என்பது என் எண்ணம். 30 நாள் கடிகாரம் தலைக்கு மேல் ஓடாது. இருவரும் இந்துக்களாக இருந்தால் 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படி சடங்கோடு மணம் முடித்துப் பதியலாம். மாப்பிள்ளைக்கு 21, பெண்ணுக்கு 18 ஆகியிருக்க வேண்டும். மதம் வேறு என்றால் 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம். அதில் இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாள் தங்கியிருக்க வேண்டும், அறிவிப்புக் காலம் இன்னொரு 30 நாள். தோட்டத்தில் இரண்டு வாரம் லீவு வாங்கிக்கொண்டு போகிறவருக்கு அது ஒத்துவராது. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்தத் திருமணமும் 90 நாளுக்குள் பதியப்பட வேண்டும். கல்யாணக் களைப்பில் இதைத் தள்ளிப்போடாதீர்கள். பதிவுச் சான்றிதழ் கையில் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். உங்களை மணமாகாதவர் என்று உறுதிசெய்யும் ஜே.பி.என் கடிதத்தையும் புறப்படும் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள்.

அங்கே பதிந்ததோடு வேலை முடியவில்லை. வெளிநாட்டில் மணம் முடித்த மலேசியர் ஆறு மாதத்துக்குள் அதை மலேசியப் பதிவிலும் ஏற்ற வேண்டும். சென்னையில் உள்ள மலேசியத் துணைத் தூதரகத்தில் செய்யலாம், அல்லது திரும்பி வந்து ஜே.பி.என்-இல் செய்யலாம். சான்றிதழ் தமிழில் இருந்தால் மலாய் அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். இந்திய அரசின் சான்றொப்பம் எது தேவை என்பதைத் துணைத் தூதரகத்தில் கேட்டு, அங்கிருக்கும்போதே முடித்துவிடுங்கள். பல குடும்பங்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. இந்தியச் சான்றிதழ் போதும் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். இமிகிரேஷனில் மலேசியப் பதிவைக் கேட்கும்போதுதான் தெரியவரும்.

முஸ்லிம் குடும்பங்களுக்கு இதில் எதுவும் பொருந்தாது. அவர்கள் அந்தந்த மாநிலத்து சமய இலாகாவில் முன் அனுமதி பெற வேண்டும். ஒருவர் முஸ்லிம், மற்றவர் இல்லை என்றாலும் சிவில் பதிவு நடக்காது.

பதிவு முடிந்ததும், கையில் இருக்கும் பாஸ் உயிரோடு இருக்கும்போதே நீண்டகாலச் சமூக வருகைப் பாஸுக்கு மனுச் செய்ய வேண்டும். மலேசியத் துணைதான் அதற்குப் பெனாஜா, அதாவது பொறுப்பேற்பவர். இருவரும் நேரில் போக வேண்டும். திருமணப் பதிவின் அசலும் நகலும், ஐசி, பாஸ்போர்ட், படங்கள், ஐ.எம்.12 பாரம், முத்திரையிட்ட பொறுப்புறுதிப் பத்திரம், வருமான அத்தாட்சி ஆகியவை வேண்டும். தோட்டத்தில் சம்பளம் வாங்குபவர் அலுவலகக் கிராணியிடம் சம்பளச் சீட்டுகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எப்படிச் சந்தித்தீர்கள், வீட்டில் யார் யார் என்று இருவரையும் கேள்வி கேட்கலாம். பயப்பட ஒன்றுமில்லை, உள்ளதைச் சொன்னால் போதும். பாஸ் குறுகிய காலத்துக்குத்தான் முதலில் கிடைக்கும், பின்னர் புதுப்பிக்க வேண்டும்.

பாஸ் கிடைத்த உடனே வேலைக்குப் போகலாம் என்று நினைக்க வேண்டாம். இமிகிரேஷன் அனுமதி தனியாக வேண்டும். முதலாளியின் கடிதத்தோடு போய்க் கேட்கலாம். படித்துவிட்டு வந்த பெண்கள் வருடக்கணக்கில் வீட்டுக்குள் அடைந்து கிடப்பதற்கு, இந்த வழி இருப்பதே யாருக்கும் தெரியாமல் போவதும் ஒரு காரணம். அதோடு, பாஸைப் புதுப்பிக்கத் துணையின் கையெழுத்து வேண்டும் என்பதால் வீட்டுச் சண்டையில் அதையே மிரட்டலாகப் பயன்படுத்தும் ஆள்களும் இருக்கிறார்கள். வந்த மருமகளின் பாஸ்போர்ட் மாமியார் பீரோவில் பூட்டிக் கிடக்கக் கூடாது. அது அவள் கையில் இருக்கட்டும்.

இனி பிள்ளை விஷயம். அப்பா மலேசியர், அம்மா வெளிநாட்டவர், பிள்ளை பிறந்த நேரத்தில் திருமணம் பதியப்படவில்லை என்றால், அரசியல் சாசனப்படி அந்தப் பிள்ளை அம்மாவின் குடியுரிமையைத்தான் தொடரும். ஈப்போ ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தாலும் பிறப்புப் பத்திரத்தில் குடிமகன் அல்லாதவர் என்றே வரும். பிறந்த பிறகு பெற்றோர் திருமணத்தைப் பதிந்தாலும் தானாக மாறாது; 15ஏ பிரிவின் கீழ் மனுப்போட்டு உள்துறை அமைச்சின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். அந்தப் பிள்ளை பள்ளியில் சேருவதிலிருந்து ஐசி எடுப்பது வரை ஒவ்வொரு படியிலும் தடுக்கி நிற்கும். பதிவைத் தள்ளிப்போடுகிறவர்கள் இந்த ஒன்றையாவது நினைத்துப் பார்க்க வேண்டும். அம்மா மலேசியராக இருந்து பிள்ளை இங்கேயே பிறந்தால் இந்தச் சிக்கல் இல்லை. மலேசியத் தாய்க்கு வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கும் தானாகக் குடியுரிமை கிடைக்க வேண்டும் என்று 2024-இல் நாடாளுமன்றம் சாசனத் திருத்தத்தை நிறைவேற்றியது.

துணை இங்கே நீண்டகாலப் பாஸில் ஐந்தாண்டு தொடர்ந்து இருந்த பிறகு பி.ஆர் என்னும் நிரந்தரவாசத் தகுதிக்கு, அதாவது சிவப்பு ஐசிக்கு, மனுச் செய்யலாம். பழைய பாஸ்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்; தொடர்ந்து இருந்ததற்கு அவையே சாட்சி. குடியுரிமை என்று வரும்போது சட்டம் ஆண், பெண் இருவரையும் ஒரே மாதிரி பார்க்கவில்லை. மலேசிய ஆணின் வெளிநாட்டு மனைவி, சாசனத்தின் 15-ஆவது பிரிவின்படி குடியுரிமைக்குப் பதிய மனுச் செய்யலாம். மலேசியப் பெண்ணின் வெளிநாட்டுக் கணவருக்கு அப்படி ஒரு பிரிவு இல்லை. தமிழ்நாட்டிலிருந்து மாப்பிள்ளை எடுக்கும் வீடுகள் இதைப் பெண்ணிடமும் மாப்பிள்ளையிடமும் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அவர் பல ஆண்டுகள் மனைவியின் கையெழுத்தில் பாஸைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். தெரிந்து வருகிறவர் அதற்கேற்றபடி ஊர் வேலையை விடலாமா, யார் எந்த நாட்டில் இருப்பது என்று யோசித்து முடிவெடுப்பார்.