பிரிவிலேஜ் என்றால் சலுகையா?

"அவனுக்கென்னடா, பிரிவிலேஜ்டு பையன்" என்ற பேச்சு கோயமுத்தூர்க் கல்லூரிகளில் இப்போது சர்வசாதாரணம். வசதியான வீட்டுப் பிள்ளை என்றுதான் நம்மூரில் சொல்வோம், ஆனால் இந்தச் சொல்லில் வசதியோடு இன்னொன்றும் ஒட்டிக்கிடக்கிறது: அப்படி ஒன்று தனக்கு இருப்பதே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

மூலம் லத்தீன். பிரிவுஸ் என்றால் தனி, லெக்ஸ் என்றால் சட்டம். சேர்ந்தால் ஒரே ஒரு ஆளுக்காகப் போட்ட சட்டம். வேடிக்கை என்னவென்றால், பழைய ரோமில் அது பெரும்பாலும் அந்த ஆளுக்கு எதிரான சட்டம். அப்படிப் போடக்கூடாது என்று ரோமின் பழைய எழுத்துச் சட்டமான பன்னிரு பலகைச் சட்டமே தடுத்ததாக ரோமானிய வழக்கறிஞர் சிசரோ எழுதியிருக்கிறார். பேரரசர்கள் காலத்தில்தான் பொருள் புரண்டு தனி நன்மை ஆனது. பிறப்போடு வரும் அனுகூலம் என்ற இன்றைய பொருள் பரவியதில், அமெரிக்க ஆய்வாளர் பெகி மெக்கின்டாஷ் 1988, 1989இல் அமெரிக்க வெள்ளையர்களைப் பற்றி எழுதியவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

நம் பக்கம் வருவோம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. லீவுக்கு முதலாளி மகன் வருகிறான், ஏழாவது படிக்கிறவன். செக்கிங் டேபிளில் இருக்கும் அக்காக்கள் "வாங்க தம்பி" என்கிறார்கள், அப்பா வயதுள்ள கான்ட்ராக்டர் எழுந்து நிற்கிறார், பையன் நேராகப் போய் அப்பாவின் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்று சுற்றுகிறான். யாரும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை, ஆனாலும் பெரியவர்கள் தன் பேச்சைக் கேட்பார்கள் என்பது அவன் உடம்பில் ஏறிவிட்டது. நாளைக்கு இன்டர்வியூவில் "நல்ல தன்னம்பிக்கை" என்று மார்க் வாங்கப்போவது இதுதான். சோமனூர்ப் பக்கம் தறிக்குடோனில் அம்மாவுக்குத் தறிநூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுக்கும் அதே வயசுப் பிள்ளைக்கு, சனிக்கிழமைக் கூலியில் அட்வான்ஸ் பிடித்தது போக எவ்வளவு மிஞ்சும் என்ற மனக்கணக்கு வரும். ஓனர் முன்னால் வாயைத் திறக்கக் கூடாது என்பதும் கூடவே வரும். வகுப்பில் சந்தேகம் வந்தால் அந்தப் பிள்ளை பக்கத்துப் பெஞ்சைத்தான் கேட்கும்.

அமெரிக்காவில் சமூகவியலாளர் ஆனெட் லாரோ 2003இல் வெளியிட்ட ஆய்விலும் இதே கதைதான். டாக்டரிடம் போகும் வழியில், என்ன கேட்கலாம் என்று யோசித்து வை என்று காரிலேயே மகனைத் தயார் செய்கிறார் வசதியான நடுத்தரக் குடும்பத்துத் தாய் ஒருவர்.

கொங்கு நாட்டில் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். "எங்கப்பா கட்டிங் டேபிள்ல நின்னு மேல வந்தவருங்க, யாரும் தூக்கி விடல." உண்மைதான், அப்படி வந்த முதலாளிகள் திருப்பூரில் நிறைய. ஆனால் முதல் மெஷினுக்குத் தோட்டத்தை அடமானம் வைத்திருப்பார், மச்சானிடம் கைமாத்து வாங்கியிருப்பார், நம்மாளு என்று நூல்காரர் கடனுக்குக் கொடுத்திருப்பார். அதே டேபிளில் நின்ற, தோட்டமில்லாத, வேறு சாதிக்காரருக்கு இந்த மூன்றும் இல்லை. நின்ற நேரம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? அரசியலமைப்பின் 105, 194ஆம் பிரிவுகள் எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்குத் தருவது சிறப்புரிமை. அங்கே அது கச்சிதம். பிள்ளை வளர்ப்புக்கு ஒத்துவராது, யாரும் எழுதிக் கொடுத்த உரிமை இல்லையே. சலுகை என்று பலர் எழுதுகிறார்கள், எனக்கு அதுதான் உறுத்துகிறது. சலுகை ஒருத்தர் பார்த்துக் கொடுப்பது, வாங்குகிறவனுக்கும் அது தெரியும். அதோடு, இடஒதுக்கீட்டில் வந்த பிள்ளையை "சலுகையில வந்தவன்" என்று சொல்லும் அதே வாய், டியூஷன், நாமக்கல் ஹாஸ்டல், பணம் கட்டி வாங்கிய சீட் எல்லாவற்றையும் திறமை என்கிறது. தனித்தமிழ்க்காரர்கள் வசதிக்கு ஏந்து என்பார்கள், பேச்சில் ஏறவில்லை.

என் ஓட்டு வாய்ப்புக்கு. வாய்த்தல்தான் வேர். "அவளுக்கு நல்ல மாமியா வாய்ச்சுது" என்கிறோமே, அதில் அவள் முயற்சி ஒன்றும் இல்லை, தானாக அமைந்தது. வெறும் வாய்ப்பு என்றால் சான்ஸ் என்று படித்துவிடுவார்கள், அதனால் பிறவி வாய்ப்பு. அண்டர்பிரிவிலேஜ்டு என்பதற்கு நலிந்த, பின்தங்கிய என்று எழுதுவதை விட்டு, வாய்ப்பு மறுக்கப்பட்ட என்று எழுதலாம். மறுத்தது யார் என்று அப்போதாவது யாராவது கேட்பார்கள்.