எழுந்து நின்றவர்கள் எல்லோரும் தப்பியவர்கள் அல்லர்

தலையில் குத்து வாங்கிச் சில நொடிகள் நினைவிழந்து, பிறகு தானாகவே எழுந்து வீட்டுக்கு நடந்துபோய், இரவு நன்றாகச் சாப்பிட்டுப் படுத்த இளைஞர்களை மறுநாள் காலையில் அவசரப் பிரிவில் பார்ப்பது மூளை அறுவை மருத்துவனான எனக்குப் பழகிப்போன காட்சி. இந்த வாரமும் ஒருவர் வந்தார். நண்பர்களோடு மொட்டைமாடியில் கையுறை இல்லாமல் 'ஸ்பாரிங்' எனப்படும் பயிற்சிச் சண்டை செய்திருக்கிறார். நெட்ஃபிளிக்ஸின் கொரியத் தொடரான 'பிளட்ஹவுண்ட்ஸ்' தந்த உற்சாகம் என்று உடன் வந்தவர்கள் சொன்னார்கள். பொறுமை இழந்துதான் இதை எழுதுகிறேன்.

தொடரின் மீது எனக்குக் கோபமில்லை. 2023-இல் வந்த முதல் சீசனில், கந்துவட்டிக் கும்பலை எதிர்க்கும் கன்-வூ, வூ-ஜின் என்ற இரு இளம் குத்துச்சண்டை வீரர்களின் நட்பு மனதைத் தொடும்படி சொல்லப்பட்டிருந்தது. கொரியப் பாடகரும் நடிகருமான ரெயின் வில்லனாக வரும் இரண்டாம் சீசனில் கதை சட்டவிரோதக் குத்துச்சண்டை லீகுக்குள் நுழைகிறது. நடிகர்கள் கடுமையாக உழைத்திருக்கிறார்கள் என்பதும் தெரிகிறது. ஆனால் திரையில் ஒரே இரவில் பலமுறை தலையில் அடிபட்டு விழுகிறவர், ஒவ்வொரு முறையும் முன்னைவிட உறுதியோடு எழுகிறார். அந்தக் காட்சியைப் பார்த்து, எழுந்துவிட்டாலே ஆபத்து நீங்கிவிட்டது என்று நம்புகிறார்களே, அந்த நம்பிக்கைதான் என்னிடம் நோயாளிகளை அனுப்புகிறது.

அந்த நம்பிக்கை எவ்வளவு தவறானது என்பதற்குக் கொரியக் குத்துச்சண்டையின் வரலாறே சான்று. 1982 நவம்பர் 13 அன்று லாஸ் வேகாஸில் ரே மன்சினியுடன் மோதிய கிம் டுக்-கூ, 14-ஆம் சுற்றில் விழுந்த பிறகும் கயிற்றைப் பற்றிக்கொண்டு எழுந்து நின்றார். நடுவர் ஆட்டத்தை நிறுத்திய சிறிது நேரத்தில் ஆழ்ந்த மயக்கத்துக்குப் போனவர், சில நாட்களில் இறந்தார். அதன் பிறகுதான் உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் பட்டப் போட்டிகளை 15 சுற்றுகளிலிருந்து 12 சுற்றுகளாகக் குறைத்தது. 2007 டிசம்பர் 25 அன்று சியோலில் மோதிய முன்னாள் உலகச் சாம்பியன் சோய் யோ-சாம், கடைசிச் சுற்றின் கடைசி நொடிகளில் வீழ்த்தப்பட்டார், எழுந்தார், புள்ளிகளில் வெற்றியும் பெற்றார். ஆனால் சற்று நேரத்திலேயே சுருண்டு விழுந்தவருக்கு உடனே அறுவை சிகிச்சை செய்தும் நினைவு திரும்பவில்லை. 2008 ஜனவரித் தொடக்கத்தில் அவர் மூளைச்சாவு அடைந்ததாக அறிவிக்கப்பட்டது. அவருடைய உறுப்புகள் ஆறு பேருக்குப் பொருத்தப்பட்டன. இருவரும் பயிற்சி பெற்ற வீரர்கள். நடுவர் பக்கத்தில் இருந்தார். கையில் கையுறை இருந்தது. இருவருமே எழுந்து நின்றார்கள்.

மூளையின் மேல் சிரைகள் கிழிந்து கசியும் இரத்தம் சில நேரங்களில் மெதுவாகத்தான் சேரும். அந்த இடைவெளியில் அடிபட்டவர் தெளிவாகப் பேசுவார், சிரிப்பார், தலைவலி மட்டும்தான் என்பார். (எங்கள் துறையில் இது முதலாண்டு மாணவருக்கே தெரிந்த செய்தி, ஆனாலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் புதிதாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.) 'நேற்று நன்றாகத்தானே இருந்தான், டாக்டர்?' என்று கேட்கும் பெற்றோரே, நேற்று நன்றாக இருந்தது இன்றைக்கு உத்தரவாதம் ஆகாது. இரத்தக் கசிவே இல்லாவிட்டாலும், அதிர்ச்சிக்குள்ளான மூளை ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால், அது சிறிய அடியாக இருந்தாலும், மூளை கட்டுக்கடங்காமல் வீங்கிவிடக்கூடும்.

தலைக்கவசம் அணிந்தோம் என்பார்கள். அது தோல் கிழிவதைக் குறைக்கும். மண்டையோட்டுக்குள் மூளை குலுங்குவதை நிறுத்தாது. வெறும் முஷ்டியால் குத்தினால் சுண்டுவிரல் பக்க எலும்பு முறியும் என்பதையும், எதிரியின் பல் பட்ட காயம் மூட்டுக்குள் சீழ் பிடிக்கும் என்பதையும் எலும்பு மருத்துவர்கள் விரிவாகச் சொல்வார்கள்.

அடிபட்டு ஒரு நொடி நினைவு தவறினாலும், தடுமாறினாலும், நடந்தது நினைவில்லை என்றாலும் அன்றைய ஆட்டம் அத்தோடு முடிந்தது. தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் வீட்டுக்கு அனுப்பினாலும் ஒரு நாளாவது தனியே விடாதீர்கள். மது கூடாது, தூக்க மாத்திரை கூடாது, ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்றவற்றை நீங்களாகக் கொடுக்காதீர்கள். தலைவலி ஏறிக்கொண்டே போனாலும், மீண்டும் மீண்டும் வாந்தி வந்தாலும், எழுப்பினால் எழாத தூக்கம், வலிப்பு, ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி, ஒரு கண்ணின் பாவை மட்டும் பெரிதாவது, காதிலோ மூக்கிலோ நீர் போல ஒழுகுவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முதல் ஸ்கேன் சரியாக இருந்ததே என்றும் வாதிட வேண்டாம். ஸ்கேன் எடுத்த நேரத்தில் இருந்த நிலையைத்தான் அது காட்டும்.

இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். குத்துச்சண்டை கற்க விரும்பினால் தகுதியுள்ள பயிற்சியாளரிடம் போங்கள். 'போதும்' என்று அவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். மருத்துவமனைக்கு வந்தால் மாடிப்படியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லாதீர்கள். யார் அடித்தார்கள் என்பது எனக்கு வேண்டாம். எத்தனை மணிக்கு அடிபட்டது, நினைவு தவறியதா, சில வாரங்களுக்கு முன்பும் இப்படி அடிபட்டதா என்ற மூன்றை மட்டும் உள்ளபடி சொல்லுங்கள்; எவ்வளவு விரைவாகச் செயல்பட வேண்டும் என்பதை அவற்றை வைத்துத்தான் நாங்கள் முடிவு செய்கிறோம்.