அடைபட்ட செங்கல் துளைகளும் அழுகும் தரையும்

இந்த ஆண்டில் நான் பார்க்கும் நான்காவது வீடு இது. லண்டன் ஈஸ்ட் ஹாமில், விக்டோரியா காலத்து வரிசை வீடு ஒன்றின் பின்புறத்தை நீட்டிச் சமையலறை கட்டி மூன்று குளிர்காலங்கள்கூட ஆகவில்லை. அதற்குள் நடு அறையின் பலகைத் தரை மிதித்தால் அமுங்குகிறது என்று அந்தக் குடும்பத்தார் அழைத்தார்கள். பலகையைப் பெயர்த்தபோது, கீழிருந்த விட்டத்தின் முனை விரலால் கிள்ளியதற்கே உதிர்ந்தது.

இத்தகைய வீடுகளில் தரைப்பலகை மண்ணில் படியாமல் விட்டங்களின் மேல் நிற்கும். அதன் அடியில் காற்று ஓடுவதற்காகவே முன், பின் சுவர்களின் அடிப்பகுதியில் துளையுள்ள செங்கற்களை, அதாவது ஏர் பிரிக்குகளை, வைத்தார்கள். பின்புறம் கான்கிரீட் தளம் போட்டால் பின்சுவர்த் துளைகள் அடைபடும், காற்றோட்டம் நின்று விட்டங்களில் ஈரம் தங்கும்.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். “அந்த ஓட்டை வழியாகத்தானே குளிர் வருகிறது, அடைபட்டது நல்லதுதானே?” என்று நான்கு வீட்டிலும் கேட்டார்கள். நல்லதன்று. அந்தக் காற்று ஓட வேண்டிய இடம் தரைக்கு அடியில். அறைக்குள் குளிர் ஏறுவது பலகை இடுக்குகள் வழியாக. குளிரைத் தடுக்க வேண்டுமானால் இடுக்குகளை அடையுங்கள், விட்டங்களுக்கு இடையே வெப்பக்காப்புப் பொருளை வையுங்கள். செங்கலின் துளையில் துணியைத் திணிக்காதீர்கள், அதன்மேல் சிமெண்ட் பூசாதீர்கள், அதை மறைத்து மண்ணைக் குவிக்காதீர்கள். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சைக்கு அதுவே போதும். தரை அழுகிய பிறகு சுவரில் ஈரம் ஏறாமல் தடுக்க ரசாயன ஊசி போடச் சொல்பவரிடம் பணத்தைக் கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சலாகவே இருக்கிறது.

இதற்கான தீர்வு மலிவானது. பழைய துளைகளிலிருந்து புதிய கான்கிரீட் தளத்தின் ஊடாக, குறைந்தது 100 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள குழாய்களைப் புதிய வெளிச்சுவர் வரை கொண்டுபோக வேண்டும். கட்டட விதிமுறையின் வழிகாட்டியும் இதையே சொல்கிறது. “மூன்று மீட்டருக்குள்தான் நீட்டுகிறோம், பிளானிங் அனுமதி வேண்டாம்” என்று வாதிடுவோருக்கு: பிளானிங் (எதைக் கட்டலாம் என்ற அனுமதி) வேறு, கட்டட விதிமுறை (எப்படிக் கட்ட வேண்டும் என்ற விதி) வேறு, முன்னதிலிருந்து விலக்குக் கிடைத்தாலும் பின்னதற்கு விண்ணப்பித்தே ஆக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு 1996ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டப்படி அறிவிப்புக் கொடுப்பது மூன்றாவது வேலை.

அடுப்புக்கு மேலே வைக்கும் புகைபோக்கியின் குழாயும் வெளியே போகட்டும். புகையை வடிகட்டி மறுபடி அறைக்குள்ளேயே விடும் வகை நம் தாளிப்புக்கும் பொரியலுக்கும் உதவாது. விதி கேட்பது வினாடிக்கு 30 லிட்டர் காற்றை வெளியேற்றுவது. நான் அதைவிடக் கூடுதலாகவே எழுதிக் கொடுக்கிறேன்.

தயவுசெய்து, கான்கிரீட் லாரி வருவதற்கு முந்தைய நாள் பில்டரை அழைத்து, ஒவ்வொரு குழாயும் எங்கே தொடங்கி எங்கே வெளியேறுகிறது என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதைப் படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.